பார்க்கர் 51: எழுதுவதற்கென்றே வாங்க வேண்டிய பழைய பேனா

பழைய மைப்பேனாக்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் மயங்குவது நிறத்திலும் நிப்பிலும்தான். 1920களிலும் 1930களிலும் வந்த செல்லுலாய்டு பேனாக்களின் பளிங்குக் கோடுகளும், அழுத்தினால் விரிந்துகொடுக்கும் அவற்றின் தங்க நிப்புகளும் கண்ணைப் பறிப்பவை. அந்த அழகை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றின் உள்ளே இருக்கும் ரப்பர் பை உளுத்துப் போயிருக்கும், உடல் சற்றே சுருங்கியிருக்கும், மூடியைத் திருகும்போதே விரிசல் விழுந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கும். இப்படிப்பட்ட பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெயிலில் அலைய யாருக்கும் மனம் துணியாது. அது அலமாரிக்குப் போய்விடுகிறது. பார்க்கர் 51 அந்த வகையைச் சேர்ந்ததன்று. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பேனாவை, இன்று கடையில் வாங்கிய பேனாவைப் போலவே, காலையிலிருந்து மாலை வரை கணக்குப் பார்க்காமல் எழுதப் பயன்படுத்தலாம் என்றால், என் அனுபவத்தில் அந்தச் சொல்லுக்கு முழுத் தகுதியுடையது இது ஒன்றுதான். நான் அன்றாடம் எழுதுவது, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஜேன்ஸ்வில் ஆலையில் 1949ஆம் ஆண்டு செய்யப்பட்ட, பர்கண்டி என்னும் கருஞ்சிவப்பு நிற உடலும் மங்கலான எஃகு மூடியும் கொண்ட ஒரு 51. இந்த மதிப்புரை முதன்மையாக அதை வைத்தே எழுதப்படுகிறது. என்னிடமும் நண்பர்களிடமும் உள்ள பிறவற்றையும் ஆங்காங்கே சுட்டியிருக்கிறேன்.

இந்தப் பேனாவின் பிறப்பு ஒரு மையிலிருந்து தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர் 1888இல் தொடங்கிய நிறுவனம், அவருடைய மகன் கென்னத் பார்க்கரின் காலத்தில், தாளில் பட்டவுடனேயே உலர்ந்துவிடும் ஒரு மையை உருவாக்க முனைந்தது. ஒற்றுத்தாள் இல்லாமல் எழுத வேண்டும், எழுதிய பக்கத்தை உடனே மடிக்க வேண்டும் என்பது அன்றைய அலுவலகங்களின் தேவை. அத்தகைய மை கிடைத்தது. ஆனால் அது காரத்தன்மை மிகுந்தது. அன்று பேனா செய்யப் பயன்பட்ட செல்லுலாய்டை அது அரித்தது. தாளில் விரைவாக உலரும் மை, திறந்திருக்கும் நிப்பின் மீதும் அதே விரைவில் உலர்ந்துபோகும் என்ற சிக்கலும் சேர்ந்துகொண்டது. முதல் சிக்கலுக்கு விடையாக டூபான்ட் நிறுவனத்தின் லூசைட் என்னும் அக்ரிலிக் நெகிழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவதற்கு விடையாக, நிப்பை ஏறத்தாழ முழுவதுமாக ஓர் உறைக்குள் மறைத்து, காகிதத்தைத் தொடும் நுனியை மட்டும் வெளியே விட்டார்கள். நிறுவனத்தின் 51ஆம் ஆண்டான 1939இல் வடிவம் முடிவானதால், அந்த எண்ணே பெயராயிற்று. 1941இல் அமெரிக்கச் சந்தைக்கு முறையாக வந்தபோது அதன் விலை 12 டாலர் 50 சென்ட். அன்று அது ஒரு பேனாவுக்குக் கொடுக்கக்கூடிய தொகையாக எளிதில் யாருக்கும் தோன்றியிருக்காது. இருந்தும் 1972 வரை அது தொடர்ந்து தயாரிப்பில் இருந்தது.

எந்த மைக்காக இந்தப் பேனா பிறந்ததோ அந்த மையை இன்று இதில் ஊற்றக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். '51' மையும், அதற்குப் பின் 1947இல் வந்த சூப்பர்குரோம் மையும் பழைய புட்டிகளில் இன்னும் ஏலத்துக்கு வருகின்றன. சேகரிப்புக்காக வாங்கி வைத்துக்கொள்ளலாம். பேனாவுக்குள் விடுவது அதற்குச் செய்யும் தீங்கு. உள்ளே இருக்கும் உலோகக் குழாயையும் ரப்பர் உறுப்புகளையும் காலப்போக்கில் தின்றுவிடும் மை அது. மை வழக்கொழிந்து போனது. அதைத் தாங்குவதற்காகச் செய்த உறுதி மட்டும் பேனாவிடம் எஞ்சியிருக்கிறது. சாதாரண மைகளுக்கு அந்த உறுதி தேவைக்கும் பல மடங்கு மேலானது. இத்தனை 51கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுவே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பேனாவில் எதுவுமே இல்லாதது போல் தோன்றும். உடலில் கோடு இல்லை, பூ வேலை இல்லை. முன்னும் பின்னும் மெல்லக் குறுகிச் செல்லும் ஒரு வழுவழுப்பான உருளை, நடுவே ஒரு மெல்லிய உலோக வளையம், அம்பு வடிவக் கிளிப் கொண்ட மூடி, அவ்வளவே. மூடியைத் திருக வேண்டியதில்லை. செருகினால், உள்ளே இருக்கும் வில்விரல்கள் அந்த வளையத்தைப் பற்றிக்கொள்ளும். 'சொடக்' என்ற ஒலியெல்லாம் கிடையாது. கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் ஒரு மென்மையான தடை தெரிந்து, பிறகு மூடி தானாகவே உள்ளிழுக்கப்பட்டு நிற்பது போல் இருக்கும். நல்ல நிலையில் உள்ள ஒரு 51ஐ அடையாளம் காண இந்த ஒரு அசைவே போதும். வளையம் தேய்ந்திருந்தாலோ, உள்ளிருக்கும் வில்விரல்கள் தளர்ந்திருந்தாலோ மூடி ஆடும். தலைகீழாகப் பிடித்தால் பேனா நழுவி விழும்.

இந்தப் பேனாவின் உண்மையான மேன்மை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. முன்பக்க உறையைக் கழற்றினால், எதிர்பார்ப்பதற்கு மாறாக, மிகச் சிறிய ஒரு தங்க நிப் தெரியும். இலை போல விரிந்ததன்று, குழாய் போல் சுருண்டது, 14 காரட். அதைச் சுற்றிப் பின்னால் 'கலெக்டர்' என்று பார்க்கர் நிறுவனம் பெயரிட்ட உறுப்பு இருக்கும். சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக வெட்டப்பட்ட மெல்லிய வட்ட விளிம்புகள் அதில் வரிசையாக இருக்கும். இரண்டு விளிம்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகலானது; மை அங்கே ஏறி, நுண்குழாய் ஈர்ப்பால் ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்த மைப்பேனாவிலும் மை குறையக் குறைய உள்ளே காற்று சேரும். கையின் சூட்டிலோ வெயிலிலோ அந்தக் காற்று விரிவடையும்போது, மையை வெளியே தள்ளும். சாதாரணப் பேனாக்களில் பாதிக்கு மேல் மை தீர்ந்த பிறகு நிப்பில் சொட்டு விழுவதும் விரல் கறைபடுவதும் இதனால்தான். 51இல் அப்படித் தள்ளப்படும் மை வெளியே வராமல் இந்த விளிம்புகளுக்கிடையே தங்கிவிடுகிறது. காற்று சுருங்கும்போது மீண்டும் உள்ளே போகிறது. கத்திரி வெயிலில் பேருந்தில் நின்றுகொண்டே போகிறவனின் சட்டைப்பைக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாட்டை நான் வேறு எந்தப் பழைய பேனாவிலும் காணவில்லை. அதோடு, நிப்பைச் சுற்றி எப்போதும் மை சூழ்ந்திருப்பதால், பல நாள் மூடி வைத்த பேனாவை எடுத்து எழுதினாலும் முதல் எழுத்தின் முதல் கீற்றே முழுமையாக விழுகிறது. யோசித்துக்கொண்டே மூடியைத் திறந்து வைத்திருந்தாலும், மின்விசிறிக்கு அடியில் கூட, நுனி எளிதில் உலர்வதில்லை.

மை நிரப்பும் முறையை வைத்து 51களை இரண்டு பெரும் பிரிவாகப் பார்க்கலாம். 1941 முதல் 1948 வரை வந்தவை வாக்குமேட்டிக் முறையைச் சேர்ந்தவை. பின்முனையில் உள்ள சிறு மூடியைத் திருகி எடுத்தால் ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்த அழுத்த உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வு ஏறி இறங்கி மையை இழுக்கும். பேனாவின் உடலே மைக்கலம் என்பதால் கொள்ளளவு அதிகம்; எழுதும் ஈரமும் சற்றுத் தாராளம். ஆனால் அந்தச் சவ்வு கட்டாயம் ஒரு நாள் கெட்டுப்போகும். மாற்றுவதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். 1948இல் வந்த ஏரோமெட்ரிக் முறை இதை முற்றிலும் மாற்றியது. உடலைத் திருகிக் கழற்றினால் ஓர் எஃகு உறைக்குள் ஒளி ஊடுருவும் பை ஒன்று இருக்கும். பார்க்கர் நிறுவனம் 'பிளை கிளாஸ்' என்று அழைத்த அந்தப் பை ரப்பரால் ஆனதன்று, பி.வி.சி.யால் ஆனது. என் பேனாவில் இருப்பது ஆலையில் பொருத்திய அதே பை. பழுப்பேறியிருக்கிறது, ஆனால் இன்றும் நெகிழ்வாக இருக்கிறது, இன்றும் முழுமையாக மை இழுக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு மென்மையான நெகிழி உறுப்பு மாற்றப்படாமல் வேலை செய்வது, பழைய பேனாக்களை அறிந்தவர்களுக்கு எவ்வளவு அரிய செய்தி என்பது தெரியும்.

நிரப்பும்போது பலர் ஒரு முறை அழுத்திவிட்டு எடுத்துவிடுகிறார்கள். பிறகு, மை பாதிதான் ஏறுகிறது என்று குறைப்படுகிறார்கள். அந்தப் பைக்குள் மேல் நுனி வரை ஒரு மெல்லிய காற்றுக்குழாய் செல்கிறது. நிப் கீழ்நோக்கி மையில் மூழ்கியிருக்கும்போது முதல் அழுத்தில் கொஞ்சம் மை ஏறும். அடுத்த அழுத்தில், குழாயின் வாய் மையின் மட்டத்துக்கு மேலே இருப்பதால், வெளியேறுவது ஏறிய மையன்று, மேலே நிற்கும் காற்று. ஆகவே ஒவ்வோர் அழுத்துக்கும் மட்டம் உயர்ந்துகொண்டே போகும். புட்டிக்குள் குமிழிகள் வருவது நிற்கும் வரை, ஒவ்வோர் அழுத்துக்கும் இடையே சற்று நிதானித்து, தொடர வேண்டும். இதற்கான குறிப்பை அந்த எஃகு உறையின் மீதே பொறித்து வைத்திருக்கிறார்கள். நிப்பை மென்தாளால் துடைக்கச் சொல்வது உட்பட. பயன்படுத்தும் முறையைப் பொருளின் உள்ளுறுப்பிலேயே எழுதி வைத்த அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. கையேடு தொலைந்து பல தலைமுறை ஆன பிறகும் அது பேனாவோடே இருக்கிறது.

இனி எழுத்தைப் பற்றி. 51இன் நிப் வளைந்துகொடுக்காது. அழுத்தினால் கோடு தடிக்காது, அழுத்தவும் கூடாது. பேனாவின் எடையே நுனியைத் தாளில் இழுத்துச் செல்லப் போதுமானது. நுனியில் உருண்டையாக ஒட்டியிருக்கும் கடினமான உலோகம், நம் ஊர் வழக்கில் இரிடியம் என்று சொல்வது, நன்றாக மெருகேற்றப்பட்டிருப்பதால், முன்பு வைத்திருந்தவரின் கையால் சீராகத் தேய்ந்த பேனாவாக இருந்தால், கீறல் என்பதே தெரியாமல் வழுக்கிச் செல்லும். தடித்தும் மெலிந்தும் போகும் கோடு வேண்டும் என்று விரும்பும் ஆங்கில அலங்கார எழுத்துக்காரர்களுக்கு இது ஒரு குறை. தமிழ் எழுதுகிறவனுக்கு இது குறையாக எனக்குத் தோன்றவில்லை. நம் கையெழுத்து வளைவுகளால் ஆனது. 'ண', 'ஞ', 'இ' போன்றவற்றில் நுனி இடமும் வலமும் மேலும் கீழும் எல்லாத் திசைகளிலும் நிற்காமல் சுழல வேண்டியிருக்கிறது. எந்தத் திசையில் சென்றாலும் ஒரே தடிமனில், ஒரே ஈரத்தில் கோடு விழும் ஓர் உருண்டை நுனி அதற்குப் பொருந்துகிறது. பக்கவாட்டில் கீறும் நிப்புகளில் 'ணை'யோ 'ஜ'வோ எழுதும்போது ஏற்படும் சிறு தடுக்கல் இதில் இல்லை. வேகமாகக் குறிப்பெடுக்கும்போதும் கோடு அறுபடுவதில்லை. ஈரம் அதிகம் என்பதால் மலிவான ஏட்டுத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். சற்று அழுத்தமான பாண்ட் தாளில் அந்தத் தொல்லை இல்லை.

குறை என்று நான் உறுதியாகச் சொல்வது வேறொன்று. நிப் உறைக்குள் மறைந்திருப்பதால், அதன் பிளவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கழுத்துப் பகுதி முழு உருளையாக, எந்தப் பிடிமானக் குறியும் இல்லாமல் இருப்பதால், எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா விரல்களுக்கிடையே சற்றுத் திரும்பிவிடும். ஈரம் குறைந்து, நுனியின் ஓரம் தாளில் உரசுவது போல் ஓர் உணர்வு வந்தால் அதுதான் காரணம். பேனாவின் மீது பழி சொல்வதற்கு முன் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் மூடியைப் பின்னால் செருகி, கிளிப்பை நிப்பின் பிளவுக்கு நேராக வைத்துக்கொள்கிறேன். அது கைக்கு நீளமும் தருகிறது. மற்றொரு குறை, கழுவுவதில் இருக்கிறது. மையைத் தாங்கும் அதே விளிம்புகள் பழைய மையையும் எளிதில் விடுவதில்லை. நீலத்திலிருந்து சிவப்புக்கு மாற வேண்டுமானால் எத்தனை முறை தண்ணீரை இழுத்து வெளியேற்றினாலும் ஊதாச் சாயல் வந்துகொண்டே இருக்கும்; நிப்பைத் தண்ணீரில் ஓர் இரவு நிறுத்தி வைத்தால்தான் ஓரளவு தெளியும். வாரத்துக்கு ஒரு நிறம் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பேனாவோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

இந்த வடிவம் நமக்கு அந்நியமானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பார்க்கர் என்ற பெயரைக் கேட்டறியாத வீடுகளில் கூட, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்று வாங்கிக் கொடுத்த சீன ஹீரோ பேனா ஒன்று இருந்திருக்கும். தங்க நிறமோ எஃகு நிறமோ கொண்ட மூடி, மறைந்த நிப், அமுக்கி நிரப்பும் பை என்று அதன் தோற்றம் முழுவதும் 51இன் வழியில் வந்தது. அந்தப் பேனாவில் எழுதிப் பழகிய தலைமுறை 51ஐக் கையில் எடுத்தால், பிடிக்கும் கோணம் உடனே பழக்கமானதாக இருக்கும். ஆனால் எழுதத் தொடங்கியதும் வேறுபாடு தெரிந்துவிடும்: ஹீரோவில் சில நேரம் வரும் வறட்சியும், மூடியின் தளர்வும் இதில் இல்லை. விலையின் வேறுபாட்டை நினைத்தால் ஹீரோவைக் குறை சொல்வது நியாயமும் அன்று. அது தன் விலைக்கு மேல் உழைத்த பேனா.

வாங்க விரும்புகிறவர்களுக்கு என் முதல் அறிவுரை, ஏரோமெட்ரிக் வகையையே தேடுங்கள் என்பது. வாக்குமேட்டிக் 51களுக்குத் தனி அழகு உண்டு. சிடார் ப்ளூ, நாசாவ் கிரீன், மஸ்டர்ட் போன்ற நிறங்கள் அந்தக் காலத்தவை. இரு முனைகளிலும் அணிகல் பதித்த தொடக்க காலப் பேனாக்களுக்குச் சேகரிப்பாளர்கள் மிகுந்த விலை கொடுக்கிறார்கள். அவை இரண்டாவது பேனாவாக வரட்டும். அமெரிக்கப் பேனாக்களில் உடலின் மேல் விளிம்புக்கு அருகே பொறித்திருக்கும் எழுத்துகளோடு ஓர் இலக்கம் இருந்தால், அது ஆண்டின் கடைசி எண். அதைச் சுற்றியுள்ள புள்ளிகள் காலாண்டைக் குறிப்பவை. என் பேனாவில் 9 என்ற எண் இருக்கிறது. 1950களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்தவற்றில் இந்தக் குறி இல்லை. இங்கிலாந்தின் நியூஹேவன் ஆலையில் செய்தவையும் நிறையக் கிடைக்கின்றன. நம் ஊரில் கைமாறும் 51களில் அவற்றை நான் அதிகம் பார்க்கிறேன். தரத்தில் குறைந்தவை அல்ல. தங்க முலாம் மூடிகள் அவற்றில் பரவலாக உண்டு. கிளிப்பின் கீழும் விளிம்பிலும் முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எனக்கு மங்கிய எஃகு மூடியே மேலானது. தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை, கீறல் விழுந்தாலும் கண்ணை உறுத்துவதில்லை. டெமி என்ற சிறிய அளவு ஒன்றும் உண்டு. சட்டைப்பைக்கு நன்று, ஆனால் பெரிய கைக்கு அது போதாது.

நிழற்படம் பார்த்து இணையத்தில் வாங்குவதாக இருந்தால், உடலின் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். லூசைட்டை யார் வேண்டுமானாலும் மெருகேற்றிவிடலாம். பார்க்க வேண்டியது நுனியை. உறைக்கு வெளியே தெரியும் அந்தச் சிறு உலோகத்தை, பக்கவாட்டிலிருந்து நெருக்கமாக எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். அது உருண்டையாக இருக்க வேண்டும், தட்டையாகச் சாய்ந்திருந்தால் வேறொருவரின் கைக்குத் தேய்ந்துபோன பேனா அது. நிப்பின் அகலம் பெரும்பாலும் வெளியே எங்கும் குறிக்கப்பட்டிருக்காது என்பதால், எழுதிக் காட்டிய மாதிரியும் கேட்க வேண்டும். உறையின் நுனியில், நிப் வெளியே வரும் இடத்தில், மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உடலைக் கழற்றி, எஃகு உறையின் துளை வழியே பையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் விலகிவிடுவது நல்லது. வெவ்வேறு ஆண்டுகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒட்டுப்போட்ட பேனாக்களும் சந்தையில் உண்டு. எழுதுவதற்கு அவை கெடுதல் இல்லை. சேகரிப்பு விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு. உடலில் யாரோ ஒருவரின் பெயர் பொறித்திருந்தால் விலை குறையும், அதைத் தேய்த்து அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அழிக்காத பேனாவையே நான் வாங்குவேன். பணி ஓய்வுக்கோ பட்டம் பெற்றதற்கோ யாரோ யாருக்கோ கொடுத்த பரிசு என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றுதான் சாட்சி. பழுது நீக்கப்பட்ட, எழுதும் நிலையில் உள்ள ஏரோமெட்ரிக் 51 ஒன்று நான் பார்த்தவரை எட்டாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்தாயிரம் வரை போகிறது. அரிய நிறங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பழுது பார்ப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முன்பக்க உறை அரக்கால் ஒட்டப்பட்டது. மெல்லிய சூடு காட்டி, அரக்கு இளகியதும் ரப்பர்ப் பிடியால் பொறுமையாகத் திருக வேண்டும். ஒரு முறை நான் பழுதுக்குக் கொடுத்த பேனா ஒன்று உறையைச் சுற்றி இடுக்கிப் பல்லின் தழும்புகளோடு திரும்பி வந்தது. எழுதுகிறது, ஆனால் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அந்தத் தழும்பு விரலில் தட்டுப்படுகிறது. ஆகவே, பழுது பார்ப்பவரிடம் அவர் இதற்கு முன் 51ஐத் திறந்திருக்கிறாரா, எப்படித் திறப்பார் என்று கேட்டுவிட்டே கொடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தொழில் தெரிந்தவர் மகிழ்ச்சியோடு விளக்குவார். சாராயம் கலந்த எந்தத் துப்புரவுத் திரவத்தையும் லூசைட்டின் மீது தடவக் கூடாது. உடனே தெரியாவிட்டாலும் நுண்ணிய விரிசல்கள் வலைபோலப் படரும். கொதிநீரும் ஆகாது. வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், பொறுமை, இவ்விரண்டே வீட்டில் செய்யக்கூடிய மருத்துவம்.

மையைப் பொறுத்தவரை இந்தப் பேனா எளிதில் நிறைவடையும். பார்க்கரின் குயிங்க், கொல்கத்தாவின் சுலேகா, நம் பள்ளிக்கூடங்களில் பழகிய ப்ரில் ராயல் ப்ளூ, எதுவானாலும் தயக்கமின்றி ஊற்றலாம். சாதாரண நீல மையே இதற்குப் போதும், அதுவே சிறப்பு. ஈரமான பேனாவில் அடர்த்தி குறைந்த மை அழகான சாயலைக் கொடுக்கிறது. மினுக்குத் துகள் கலந்த புதிய மைகளையும், இரும்பு கலந்த பழங்கால மைகளையும், ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்கையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அந்த விளிம்புகளுக்கிடையே துகள் ஒருமுறை படிந்துவிட்டால், முழுவதும் பிரித்தால் ஒழிய வெளியே வராது.

இதே குடும்பத்தின் பிற பேனாக்களோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது, ஏனெனில் 51 என்று நினைத்து அவற்றை வாங்குபவர்கள் உண்டு. 1948இல் வந்த பார்க்கர் 21 பார்வைக்கு ஏறத்தாழ இதைப் போலவே இருக்கும். விலை மிகக் குறைவு. அதன் நிப் தங்கம் அன்று, உடலின் நெகிழி லூசைட் அன்று. உறையில் விரிசல் விடுவது அதற்கு வழக்கம். விரிசல் இல்லாத ஒன்று கிடைத்தால் நன்றாகவே எழுதும். 1956இல் வந்த 61, பின்முனையை மையில் நிறுத்தினால் தானாக உறிஞ்சிக்கொள்ளும் முறை கொண்டது. கருத்தாக மிக நேர்த்தியானது, ஆனால் உள்ளே உலர்ந்த மையைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. அன்றாட எழுத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2021இல் பார்க்கர் நிறுவனம் 51 என்ற பெயரையே மீண்டும் சூட்டி ஒரு புதிய பேனாவை வெளியிட்டது. திருகு மூடி, கார்ட்ரிட்ஜ் என்னும் மாற்றிப் பொருத்தும் மைக்குழாய், விலை குறைந்த வகையில் எஃகு நிப். தோற்றத்தில் மூத்ததை மதித்திருக்கிறார்கள். புதுப் பேனாவாக, உத்தரவாதத்தோடு வேண்டும் என்பவர்களுக்கு அதில் தவறில்லை. ஆனால் பழைய 51ஐ 51 ஆக்கிய அந்தக் கலெக்டர் அதில் இல்லை. மூடியைச் செருகும்போது வளையம் மெல்லப் பற்றிக்கொள்வதும் இல்லை. அதற்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, நல்ல பையும் உருண்டை நுனியும் கொண்ட ஒரு கறுப்பு அல்லது பர்கண்டி ஏரோமெட்ரிக்கைத் தேடிப் பிடியுங்கள். இந்த இரண்டு நிறங்களும் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, நிறத்துக்கென்று யாரும் கூடுதல் விலை சொல்வதில்லை.